கெட்டிப்படுத்தும் பொருள் கூடுமா, கூடாதா? சான்தன் கம் முதல் ஜெலட்டின் வரை படிப்படியாகப் பார்க்கும் முறை

கேக் வகுப்புக்கு வருகிற பெண்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது மாவைப் பற்றியோ ஓவன் சூட்டைப் பற்றியோ இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, “லாத்தா (அக்கா), இதுல 415-ன்னு போட்டிருக்கே, கூடுமா?” என்பார்கள். மார்க்கப்படி சாப்பிடலாமா என்பதுதான் கேள்வி. சாஸ், ஐஸ்கிரீம், விப்பிங் கிரீம், ஜெல்லி, புட்டிங் பவுடர், கேக் மேல் ஊற்றும் கிளேஸ் என்று எதை எடுத்தாலும் அதைக் கெட்டியாக்க ஏதோ ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒன்று எது என்பதில்தான் சிக்கல்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த எண் பட்டியலைப் பிடித்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் நேரே மார்க்க அறிஞரிடம் ஓடிப்போய், “ஹஜ்ரத், 471 ஹலாலா?” என்கிறார்கள். “அது எதிலிருந்து எடுத்தது?” என்று அவர் திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. மார்க்கச் சட்டம் கடைசிப் படி. அதற்கு முன்னால் பொருளின் பெயர், அது வந்த மூலம், அதைச் செய்த விதம் என்று மூன்று படி இருக்கிறது. வரிசை மாறினால் ஹலாலானதை வீணாக ஒதுக்கிவிடுவோம், அல்லது கூடாததைப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுவோம். நாவுக்கு வந்தபடி “இது ஹலால், இது ஹராம்” என்று சொல்வதைக் குர்ஆன் (16:116) கடுமையாக எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை இரண்டு பக்கமும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழு பாக்கெட் வேண்டும். முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பி “இது கூடுமா” என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. தேவையான நான்கு விஷயமும் பின்பக்கத்தில்தான் இருக்கும்: சேர்மானப் பட்டியல், சைவ அசைவக் குறி, ஹலால் முத்திரை இருந்தால் அதைக் கொடுத்த அமைப்பின் பெயர், தயாரித்தவரின் முகவரி.

வாங்கிய பொடியை டப்பாவில் கொட்டிவிட்டுக் கவரைக் குப்பையில் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கவரின் பின்பக்கத்தை வெட்டி டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஒரே கம்பெனியின் பொருள்கூட அடுத்த முறை வேறு ஆலையிலிருந்து வரலாம், சேர்மானம் மாறியிருக்கலாம்.

மொத்தக் கடையில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் ஜெலட்டின் வேண்டவே வேண்டாம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் மூட்டையில் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்கே நினைவிருக்காது.

இன்னொன்று, உங்கள் வீட்டு மத்ஹப் (நீங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழி) எது என்று தெரிந்திருக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலும் ஷாஃபிஈ. உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலும் ஹனஃபி. சான்தன் கம்மில் இது பெரிய வித்தியாசம் தராது. ஜெலட்டினில் நிறையவே தரும்.

2. பெயரைப் பிடியுங்கள்

நம் நாட்டு ஐஸ்கிரீம் டப்பாவில் சின்ன எழுத்தில், “எமல்சிஃபயர் (471), ஸ்டெபிலைசர் (410, 412, 407)” என்பது போல ஒரு வரி இருக்கும். கெட்டிப்படுத்தும் பொருள் மூன்று வேறு தலைப்பில் வரலாம்: திக்கனர், ஸ்டெபிலைசர், ஜெல்லிங் ஏஜென்ட். “திக்கனர்” என்ற சொல்லை மட்டும் தேடிவிட்டு இல்லை என்று வைத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பாக்கெட்டில் ‘ஈ’ என்ற எழுத்தோடும் நம் நாட்டுப் பாக்கெட்டில் ‘ஐஎன்எஸ்’ என்றும் எண் வரும். பெரும்பாலும் இரண்டிலும் எண் ஒன்றுதான். அடிக்கடி கண்ணில் படுபவை இவை: 401 ஆல்ஜினேட், 406 அகர் அகர், 407 கேராஜினன், 410 லோகஸ்ட் பீன் கம், 412 குவார் கம், 414 அரபிக் கோந்து, 415 சான்தன் கம், 418 ஜெல்லன் கம், 440 பெக்டின், 466 சிஎம்சி (செல்லுலோஸ் கம்). 1400-களில் வருவதெல்லாம் மாற்றியமைத்த ஸ்டார்ச்.

பழைய பட்டியல்களில் ஜெலட்டினுக்கு 441 என்று போட்டிருக்கும். இப்போது பாக்கெட்டில் எண் இல்லாமல் ‘ஜெலட்டின்’ என்று பெயராகத்தான் வரும், ஏனென்றால் ஐரோப்பாவில் அதைச் சேர்க்கைப் பொருளாக எண்ணாமல் உணவுப் பொருளாகவே எண்ணுகிறார்கள். எண்ணை மட்டும் தேடுகிறவர் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

எண் ஒரு பொருளின் பெயர்தான், அதன் பிறப்புச் சான்று இல்லை. 471-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது கெட்டிப்படுத்துவதும் இல்லை, எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிப்பது. ஆனால் அதே வரியில் வருவதால் எல்லோரும் குழம்புகிறார்கள். பாமாயிலிலிருந்து வந்தாலும் 471, சோயாவிலிருந்து வந்தாலும் 471, மிருகக் கொழுப்பிலிருந்து வந்தாலும் அதே 471. “471 என்றால் பன்றி” என்று சொல்லும் பட்டியலும் தவறு, “471 ஹலால்” என்று சொல்லும் பட்டியலும் தவறு.

3. மூலத்தைப் பார்த்து மூன்றாகப் பிரியுங்கள்

பெயர் கிடைத்ததும் தாவரம் அல்லது கடல்பாசி, நுண்ணுயிர், மிருகம் என்று மூன்று பக்கமாகப் பிரித்துவிடுங்கள். பிரித்து முடித்தால் பத்தில் எட்டுக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும். ஏனென்றால் குர்ஆன் (2:173, 5:3, 6:145) பெயர் சொல்லித் தடுப்பவை தானாகச் செத்தது, ஓடும் இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவர் பெயரில் அறுக்கப்பட்டது ஆகியவை. நான்கும் மிருகம் சார்ந்தவை. தாவரத்தில் விஷமோ போதையோ இல்லாவிட்டால் அடிப்படை அனுமதிதான்.

முதல் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குவார் கம் என்பது கொத்தவரை விதை, ராஜஸ்தானில் ஏராளமாக விளைகிறது. லோகஸ்ட் பீன் கம் கரோப் மரத்தின் விதை. அரபிக் கோந்து சூடான் பக்கத்து அக்கேசியா மரத்துப் பிசின். பெக்டின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் வருகிறது. சிஎம்சி பருத்தி அல்லது மரக்கூழ். கேராஜினன் எடுக்கும் பாசியை மண்டபம், ராமேஸ்வரம் கடலிலேயே மூங்கில் தெப்பம் கட்டி வளர்க்கிறார்கள். நோன்பு திறக்க நம் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசிதான் அகர் அகர். தேர்ந்த பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகத் தட்டில் ஊற்றி வெட்டிக் கொடுத்ததை எண்ணாக எழுதியதும் பயப்பட வேண்டியதில்லை.

பெக்டினைப் பிரித்தெடுக்க ஆல்கஹால் பயன்படுத்துகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அடுத்த படியில் சான்தன் கம்முக்குச் சொல்வது அதற்கும் பொருந்தும்.

4. சான்தன் கம்: செய்முறையில் இரண்டு இடத்தைப் பாருங்கள்

சான்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால் அது வழுவழுப்பான ஒரு பசையைச் சுரக்கும். அதை ஆல்கஹாலால் திரியச் செய்து பிரித்து, உலர்த்தி, அரைத்தால் சான்தன் கம். 1969-லிருந்து அமெரிக்காவில் உணவில் சேர்க்க அனுமதி இருக்கிறது. சில்லி சாஸ், சாலட் டிரெஸ்ஸிங், கோதுமை சேராத ரொட்டி என்று எல்லாவற்றிலும் இருக்கும். தாவரமும் இல்லை, மிருகமும் இல்லை. பொருளளவில் தடை எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது செய்முறையில் இரண்டே இடம்.

முதலாவது ஆல்கஹால். ஆல்கஹால் என்ற சொல்லைக் கேட்டதும் கம்மையே ஒதுக்குவது புதியவர்களின் வழக்கம். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். யாரும் குடிக்கும் மது அது இல்லை, கை துடைக்கும் திரவத்தில் இருக்கும் வகை. சிலர் எத்தனாலும் பயன்படுத்தலாம். எதுவானாலும் உலர்த்தும்போது பறந்துவிட வேண்டும். மிஞ்சக்கூடிய அளவுக்குச் சர்வதேச வரம்பு, ஒரு கிலோ கம்மில் 500 மில்லிகிராம். ஒரு கிலோ சாஸில் 3 கிராம் கம் போட்டால் அந்த வரம்பின்படி மிஞ்சுவது அதிகபட்சம் 1.5 மில்லிகிராம். போதை என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. எத்தனாலைத் தொட்டாலே நஜீஸ் (மார்க்கப்படி அசுத்தம்) என்று கருதும் ஷாஃபிஈ வீடுகளில் மட்டும், எந்த ஆல்கஹால் என்று கேட்டுக்கொள்வது மனதுக்கு நிம்மதி.

இரண்டாவது, பாக்டீரியாவுக்குப் போட்ட தீனி. சர்க்கரையோடு நைட்ரஜனுக்காக சோயா, ஈஸ்ட், சோளம் ஊறவைத்த நீர் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். இதில் மிருகப் புரதம் வரலாமா? வரலாம். இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2001 தொடக்கத்தில் இந்தோனேசியாவில் அஜினோமோட்டோ உப்பு பெரிய சர்ச்சையானது. உப்பில் பன்றி எதுவும் இல்லை. அதைச் சுரக்கும் பாக்டீரியாவை வளர்க்கப் பயன்படுத்திய சோயாச் சத்தைத் தயாரிக்கும்போது பன்றியிலிருந்து எடுத்த நொதி சேர்ந்திருந்தது. அந்நாட்டு உலமா சபை அதை ஹராம் என்றது. அப்போதைய அதிபர் அப்துர் ரஹ்மான் வாஹித், தானும் ஆலிமாக (மார்க்க அறிஞராக) இருந்தவர், கூடும் என்றார். கடையிலிருந்த சரக்கைக் கம்பெனி திரும்பப் பெற்றது. நுண்ணுயிர் மூலம் வரும் எந்தப் பொருளானாலும் தீனியைக் கேட்க வேண்டும் என்று சான்றளிக்கும் அமைப்புகள் இன்று கறாராக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என் முடிவு இது. வீட்டுச் சமையலுக்குச் சான்தன் கம்மைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அடிப்படை அனுமதியாக இருக்கும்போது, ஆதாரமில்லாத சந்தேகத்தால் அதை மூட வேண்டியதில்லை. ஆனால் பெட்டியில் ‘ஹலால்’ என்று எழுதி விற்கிறவராக இருந்தால் தீனியையும் கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்கள் எழுதும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வாங்குகிறவர் வாயில் போடுகிறார்.

5. ஜெலட்டின்: இங்கே நிதானமாக நில்லுங்கள்

மிருகத்தின் தோல், எலும்பு, சவ்வு ஆகியவற்றில் இருக்கும் கொலாஜனை அமிலத்திலோ சுண்ணாம்பிலோ ஊறவைத்து வெந்நீரில் காய்ச்சி எடுப்பது ஜெலட்டின். அமில முறை பெரும்பாலும் பன்றித் தோலுக்கு, சுண்ணாம்பு முறை பெரும்பாலும் மாட்டு எலும்புக்கும் தோலுக்கும். ஐரோப்பாவில் அதிகம் செய்வது பன்றித் தோலிலிருந்து. இந்தியாவில் செய்வது பெரும்பாலும் மாடு, எருமை எலும்பிலிருந்து.

மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், மூஸ், பன்னா கோட்டா, சில வகைத் தயிர், கிரீம் சீஸ், கிளேஸ், மருந்துக் கேப்ஸ்யூல் இவற்றில் தேடுங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் இரண்டு சொல் வரும். ‘பொர்சின்’ என்றால் பன்றி. ‘போவைன்’ என்றால் மாடு. இவற்றை ஏதோ ரசாயனப் பெயர் என்று நினைத்துக் கடந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே அப்படிக் கடந்தவள். சில வருடங்களுக்கு முன் வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த, கண்ணாடி போலப் பளபளக்கும் கிளேஸ் ஒன்றை ஒரு கல்யாண வீட்டுக் கேக்கில் ஊற்றினேன். அங்கே விற்பது என்பதால் படிக்கவே இல்லை. இரவு பாத்திரம் கழுவும்போது டப்பாவின் ஓரத்தில் ‘ஜெலட்டின் (போவைன்)’ என்று இருப்பது கண்ணில் பட்டது. முத்திரை எதுவும் இல்லை, ஐரோப்பாவில் தயாரானது. மறுநாள் காலை கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. “சொன்னியே, அது போதும்மா” என்றார். கேக்குக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

மாடு என்றால் போதாதா? போதாது. மாடு ஹலாலான பிராணிதான், ஆனால் முறைப்படி அறுத்திருக்க வேண்டும். எலும்பு அரவை ஆலைக்கு வரும் எலும்பில் அறுத்த மாட்டினுடையதும் தானாகச் செத்த மாட்டினுடையதும் கலந்து வரலாம். ஆகவே கேள்வி இரண்டு: எந்த மிருகம்? எப்படி அறுத்தது?

மீன் ஜெலட்டின் என்றால் இந்த இரண்டாவது கேள்வியே இல்லை, மீனுக்கு அறுப்பு நிபந்தனை கிடையாது. ‘வெஜ் ஜெலட்டின்’ என்று விற்பது உண்மையில் ஜெலட்டினே இல்லை. பெரும்பாலும் அகர் அகரும் கேராஜினனும் கலந்தது. அதன் சேர்மானத்தை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

யூதர்களின் கோஷர் முத்திரை இருந்தால் போதும் என்று வெளிநாட்டில் வசிக்கும் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஜெலட்டினில் மட்டும் அப்படி எடுக்காதீர்கள். எலும்பும் தோலும் ஜெலட்டினாக மாறினால் தடை நீங்குமா என்பதில் அந்த மார்க்கத்து அறிஞர்களிடமும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எல்லா முத்திரையும் ஒரே அளவுகோலில் கொடுப்பதில்லை.

6. இப்போது மத்ஹபுக்கு வாருங்கள்

தடுக்கப்பட்ட ஒன்று முழுதாக வேறு பொருளாக மாறிவிட்டால் சட்டமும் மாறுமா? இதற்கு இஸ்திஹாலா என்று பெயர். மது தானாகக் காடியாக (வினிகராக) ஆகிவிட்டால் அது கூடும் என்பதில் எல்லோரும் ஒன்று. அதைத் தாண்டினால் வழி பிரிகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் இந்த மாற்றத்துக்கு இடம் குறைவு. காடி, பதனிட்ட தோல் என்று எண்ணிச் சொல்லக்கூடிய சில இடங்கள்தான். முறைப்படி அறுக்காத மாட்டின் எலும்பு நஜீஸ், அதிலிருந்து வரும் ஜெலட்டினும் அப்படியே. பன்றியைப் பற்றிப் பேச்சே இல்லை. மலேசியாவின் அரசுச் சான்றும் அறுத்த மிருகத்தின் ஜெலட்டினைத்தான் ஏற்கிறது.

ஹனஃபி மத்ஹபில் வழி கொஞ்சம் அகலம். பன்றி தவிர்த்த மற்றப் பிராணிகளின் காய்ந்த எலும்பு, செத்த பிராணியுடையதானாலும் சுத்தம் என்று கொள்கிறார்கள். உப்பளத்தில் விழுந்த கழுதை உப்பாகவே ஆகிவிட்டால் அது உப்புதான் என்ற உதாரணமும் அவர்கள் சட்டத்தில் பிரபலம். இதை வைத்து மாட்டு எலும்பு ஜெலட்டினைக் கூடும் என்கிற ஹனஃபி ஆலிம்கள் இருக்கிறார்கள். அறுத்தது என்று தெரிந்தால் மட்டுமே கூடும் என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உலக அளவிலும் இதே நிலைதான். 1986-ல் அம்மானில் கூடிய இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி, பன்றி ஜெலட்டினை உணவில் பயன்படுத்தக் கூடாது, தாவரமும் முறைப்படி அறுத்த பிராணியும் தருவதே போதும் என்றது. 1995-ல் குவைத்தில் நடந்த மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கு, நஜீஸான பிராணியின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் மாறி வந்த ஜெலட்டின் சுத்தமானது, உண்ணலாம் என்றது. இரண்டுமே ஆலிம்கள் கூடி எடுத்த முடிவு.

நான் எங்கே நிற்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த வீடு கடற்கரை ஊர், ஷாஃபிஈ. புகுந்த வீடு ஹனஃபி. ஒரே அடுப்பில் இரண்டு மத்ஹப். ஜெலட்டின் உப்பளத்துக் கழுதையைப் போல முழுதாக மாறிவிடவில்லை என்று சொல்லும் ஆலிம்களின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. கொலாஜனின் நீண்ட இழை உடைந்து சிறிதாகிறது, அவ்வளவுதான். ஜெலட்டினைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் அது பன்றியா மாடா என்று இன்றும் கண்டுபிடிக்க முடிகிறது. மூலத்தின் அடையாளம் அதில் மிச்சமிருக்கிறது. “ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இரண்டுக்கும் நடுவே சந்தேகமானவை உண்டு” என்ற நபிமொழியைச் சின்ன வயதிலேயே மதரஸாவில் ஓதியிருக்கிறோம். என் சமையலறையில் அறுத்த சான்று இல்லாத ஜெலட்டின் வராது. ஆனால் தன் ஹஜ்ரத் சொன்னதை வைத்து உண்ணும் ஹனஃபி சகோதரியிடம் “நீ ஹராம் தின்கிறாய்” என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கேப்ஸ்யூல் மருந்து தனிக் கணக்கு. கட்டாயத் தேவைக்கு இதே 2:173 வசனத்திலேயே சலுகை இருக்கிறது. மாத்திரையாகவோ தாவரக் கேப்ஸ்யூலாகவோ கிடைக்குமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மருந்தை நிறுத்திவிடாமல் ஆலிமைக் கேளுங்கள்.

7. குறியும் முத்திரையும் எதைச் சொல்கின்றன

நம் நாட்டில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் பால், தேன், தேன்மெழுகு, அரக்கு போன்ற சிலவற்றைத் தவிர மிருகப் பொருள் இல்லை என்று அர்த்தம். ஜெலட்டின் கேள்வி அதோடு முடிந்தது, 471-ம் தாவரக் கொழுப்புதான். ஹலால் முத்திரை இல்லையே என்று பச்சைக் குறி போட்ட சோள மாவை ஒதுக்க வேண்டாம். ஆனால் பச்சைக் குறி ஆல்கஹாலைப் பற்றி எதுவும் சொல்லாது. எசென்ஸ் விஷயத்தில் சேர்மானத்தைப் படியுங்கள்.

பழுப்பு நிறக் குறி இருந்தாலே ஹராம் என்பதும் தவறு. முட்டை இருந்தாலும் அது வரும், மீன் ஜெலட்டின் இருந்தாலும் வரும். அது “விசாரி” என்கிறது, அவ்வளவே. பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் வெளிநாட்டுச் சாமானில் இந்த இரண்டு குறியும் இருக்காது.

ஹலால் முத்திரையில் ‘ஹலால்’ என்ற சொல்லை விடக் கொடுத்தது யார் என்பதுதான் முக்கியம். மலேசியாவில் ஜாகிம், சிங்கப்பூரில் முயிஸ், இலங்கையில் ஹலால் அக்ரெடிட்டேஷன் கவுன்சில். இந்தியாவில் உலமா அமைப்புகளின் அறக்கட்டளைகளும் தனியார் அமைப்புகளும் தருகின்றன. அமைப்பின் பெயரே இல்லாமல் அரபியில் ‘ஹலால்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது கம்பெனி தன் வாயால் சொல்வது. பொய் என்று சொல்லவில்லை, சான்று இல்லை என்கிறேன்.

8. கம்பெனிக்கு எழுதும்போது

“உங்கள் பொருள் ஹலாலா?” என்று கேட்காதீர்கள். “எல்லாச் சட்டத்துக்கும் உட்பட்டே தயாரிக்கிறோம்” என்று ஒரு வரி வரும், அதில் நமக்கு எதுவும் இல்லை. ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். நான் அனுப்புவது இதுதான்:

“உங்கள் இந்தப் பொருளில் இருக்கும் ஜெலட்டின் எந்தப் பிராணியினுடையது? மாடு என்றால் அந்த மாடுகள் ஹலால் முறைப்படி அறுக்கப்பட்டவை என்பதற்குச் சான்று உண்டா, கொடுத்தது எந்த அமைப்பு, எந்தத் தேதி வரை செல்லும்? 471 தாவரக் கொழுப்பா? சான்தன் கம் தயாரிப்பில் எந்த ஆல்கஹால் பயன்படுகிறது, வளர்ப்புக் கரைசலில் மிருகப் பொருள் உண்டா? இதே இயந்திரத்தில் பன்றி ஜெலட்டின் சேர்ந்த பொருள் தயாராகிறதா?”

பாக்கெட்டில் இருக்கும் தயாரிப்புத் தேதியையும் தொகுதி எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், எந்தச் சரக்கு என்று அவர்களால் பார்க்க முடியும். “பன்றி சேர்க்கவில்லை” என்று மட்டும் பதில் வந்தால் அறுப்பைப் பற்றிய கேள்வி நிற்கிறது என்று அர்த்தம். திரும்ப எழுதுங்கள். போனில் சொன்னதை ஆதாரமாக வைக்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு ஹஜ்ரத்திடம் போனால் அவருக்கும் முடிவு சொல்வது எளிது.

9. சேர்மானமே தெரியாத ஜெல்லி வந்தால்

விருந்தில் வெட்டி வைத்த ஜெல்லி, பக்கத்து வீட்டிலிருந்து வந்த புட்டிங் போன்றவற்றுக்கு முதலில் கொடுத்தவரை மரியாதையாகக் கேளுங்கள். கேட்க முடியாத இடத்தில் ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரு துண்டை ஸ்பூனில் எடுத்துச் சூடான டீ டம்ளரில் போடுங்கள். ஓரம் கரைந்து வழிந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் காணாமல் போனால் ஜெலட்டினாக இருக்க வாய்ப்பு அதிகம், அது உடல் சூட்டிலேயே இளகும். விளிம்பு கூர்மையாக அப்படியே நின்றால் அநேகமாகக் கடல்பாசி, அது உருக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும்.

மே மாதம் சென்னையில் வெளியே வைத்த தட்டில் ஜெலட்டின் ஜெல்லி குழைந்து தண்ணீர் விடுவதும் இதே காரணத்தால்தான். இந்தச் சோதனை ஜெலட்டினா இல்லையா என்று ஊகிக்க மட்டுமே உதவும். மாடா பன்றியா என்று சொல்லாது, சான்றாகவும் ஆகாது.

10. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்

தவறுதலாக நடந்ததற்குக் குற்றமில்லை, மனமறிந்து செய்வதற்கே குற்றம் என்கிறது 33:5. மீதியை அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள், வாயில் விரல் விட்டு எடுக்கச் சொல்லாதீர்கள்.

பாத்திரத்தில் மட்டும் கவனம். சேர்ந்தது பன்றி ஜெலட்டின் என்று உறுதியாகத் தெரிந்தால், ஷாஃபிஈ வீடுகளில் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவுவது சட்டம். ஹனஃபியில் சுத்தமாகக் கழுவினால் போதும். விற்பனைக்குச் செய்கிறவர்கள் வாங்கினவரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

11. ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி போடும்போது

ஒரு பங்குக்கு ஒரு பங்கு என்று மாற்றினால் கேக் ரப்பராகிவிடும். அகர் அகர் தூளுக்குப் பிடிப்பு அதிகம். ஜெலட்டின் தூள் போடும் அளவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள். துண்டு போட வேண்டிய கெட்டிக்கு 250 மில்லி திரவத்துக்கு 2 கிராம் தூள் சரியாக இருக்கும். இழையாக வருவதை அரை மணி நேரம் ஊறவிட்டு, கத்தரித்துப் போடுங்கள்.

ஜெலட்டினைக் கொதிக்கவிடக் கூடாது, அகர் அகரைக் கொதிக்கவிடாமல் இருக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் வெதுவெதுப்பான பாலில் கலக்கிவிட்டு, “லாத்தா, உறையவே இல்ல” என்று வருவார்கள். தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதித்த பின் இரண்டு மூன்று நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள், மணல் போல எதுவும் தெரியக் கூடாது.

மூஸுக்குக் கலக்கும்போது கிரீம் ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருக்கக் கூடாது. அகர் அகர் 40 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் உறையத் தொடங்கும், குளிர்ந்த கிரீமில் பட்ட உடனே நூல் நூலாகத் திரிந்துவிடும். கொஞ்சம் கிரீமை முதலில் சூடான கரைசலில் கலந்து, பிறகு அதை மீதிக் கிரீமில் ஊற்றுங்கள். சமைக்காத அன்னாசியும் பப்பாளியும் ஜெலட்டினைக் கரைத்துவிடும், அகர் அகரை ஒன்றும் செய்யாது. எலுமிச்சைச் சாறு மட்டும் சேர்த்துக் கொதித்தால் பிடிப்பைக் குறைக்கும். அடுப்பை அணைத்து, பொங்கு அடங்கிய பிறகு ஊற்றுங்கள்.